ஒரு நாளில் உரோமாபுரி

பிறநாடு சென்று வருதல் கல்வியின் ஒரு பகுதியாகும். ஏட்டில் எழுத்தாகக் கண்ட ஊர், கண்முன்னே கல்லும் மண்ணுமாய் நிற்கும்போது, படித்தது உயிர் பெறுகின்றது. ஆயினும், கால் பட்ட இடமெல்லாம் கற்ற இடம் ஆகிவிடுமோ? காடெல்லாம் திரிந்த ஆடு நுனிப்புல் மட்டும் மேய்ந்து வயிறு நிறையாமல் மீளுதலும் உண்டு. பார்த்தல் வேறு, காணுதல் வேறு என்பதை என் முதுமையில் எனக்கு நன்கு உணர்த்தியது ஒரு நாள். அந்நாளின் வரலாற்றை ஈண்டுக் கூறுகின்றேன்.

கல்லூரி மாணவர் குழு ஒன்று இத்தாலி நாட்டைக் காணச் சென்றது. மாணவரும் மாணவியருமாக 24 பேர். அவர்களை நடத்திச் செல்ல ஆசிரியர் ஒருவர். முதியோன் ஒருவனும் உடனிருத்தல் நன்று எனக் கருதி என்னையும் அழைத்தனர். உரோமாபுரியில் எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் காணவேண்டிய இடங்கள் என ஆசிரியர் குறித்து வைத்திருந்தவை ஒன்பது. மே மாதத்து இளங்காலையில் விடுதி வாயிலில் நின்று அவர் அப்பட்டியலைப் படித்தார். "ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மணி நேரம்; அதற்குமேல் ஒரு நொடியும் இல்லை" என்றார். மாணவர் ஆரவாரம் செய்தனர். ஒருவன் அப்பட்டியலைத் தன் கையேட்டில் எழுதி, ஒவ்வொன்றன் பக்கத்திலும் ஒரு சிறு கட்டம் வரைந்துகொண்டான். கண்டு முடித்த இடத்துக்கு அக்கட்டத்துள் ஒரு குறி இடுவதாம்!

நிலத்தடி இருப்புப்பாதை வழியாகச் சென்று படியேறி வெளியே வந்தோம். நிலையத்தின் எதிரிலேயே மலைபோல் எழுந்து நின்றது கொலோசியம் என்னும் பேரரங்கம். நீரோ மன்னன் தன் பொன்மாளிகைக்கு அழகாக வெட்டிய ஏரி இருந்த இடம் அது. நீரோ மாண்டபின் அரியணை ஏறிய வெஸ்பாசியன், அவ்வேரியை வற்றச் செய்து, மக்கள் கூடும் அரங்கம் ஒன்றை அங்கே எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் டைட்டஸ், கி.பி. 80-இல் அதனைத் திறந்து வைத்தான். முட்டை வடிவினதாகிய அவ்வரங்கின் நீளம் ஏறத்தாழ 188 மீட்டர். அகலம் 156 மீட்டர். உயரம் 48 மீட்டர். அரை இலட்சம் மக்கள் அதில் அமர்ந்திருக்கலாம் என அறிஞர் மதிப்பிடுவர்.

இத்துணைப் பெருங்கூட்டம் நெரிசலின்றி உள்ளே புகுவதும் வெளியே வருவதும் எங்ஙனம்? தரைமட்டத்தில் 80 வளைவு வாயில்கள் உள்ளன. பொதுமக்கள் நுழையும் வாயில்களின்மேல் உரோம எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றுட் சில இன்றும் அழியாமல் உள்ளன. இன்னார் இன்ன வாயிலால் சென்று, இன்ன படிக்கட்டில் ஏறி, இன்ன வரிசையில் அமர்தல் வேண்டும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது. மேலே வெயில் மறைக்கத் துணி விதானம் விரிக்கப்படும். அதனை இழுத்துக் கட்டுவோர் கப்பற்படை மாலுமிகள். இன்றைய விளையாட்டரங்குகளுக்கெல்லாம் இது முன்னோடி எனல் மிகையாகாது.

இவற்றைக் கேட்டு மாணவர் வியந்து நின்றனர். பின்னர், அரங்கின் நடுவே தளம் பெயர்ந்து கிடந்த இடத்தை எட்டிப் பார்த்தோம். நிலத்தின் அடியில் இருண்ட சுவர்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. விலங்குகளையும் வாள்வீரரையும் அடைத்து வைத்த அறைகள் அவை. செக்குப் போன்ற உருளைகளை அடிமைகள் சுற்றியிழுக்க, கூண்டுகள் மேலெழும், கதவு திறக்கும், சிங்கமும் சிறுத்தையும் திடுமென அரங்கில் தோன்றும், மேலே மக்கள் ஆரவாரிப்பர். வாளேந்தி நின்றோரில் பெரும்பாலார் போரில் பிடிபட்டோரும் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகளும் ஆவர். ஓர் உயிர் துடித்து அடங்குவதைக் காண்பது அந்நகரத்தார்க்கு ஒரு பொழுதுபோக்கு! கல்லை இவ்வளவு திறம்பட அடுக்கத் தெரிந்த கைகளுக்கு, உயிரின் அருமை தெரியாமற் போனது எவ்வாறு? இவ்வினா என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. குறி இடும் மாணவனோ, "ஐயா, ஒன்று முடிந்தது!" என்றான்.

அடுத்து டைட்டஸ் வளைவுக்குச் சென்றோம். கி.பி. 70-இல் எருசலேம் நகரைத் தாக்கி, யூதர்தம் கோயிலை அழித்த டைட்டஸின் வெற்றியைப் போற்ற எழுந்த வளைவு அது. அதன் உட்சுவரில், கோயிலிலிருந்து கவர்ந்த ஏழு கிளை விளக்கினை வீரர்கள் தோளிற் சுமந்து செல்லும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. கல்லிலே நடை ஓடுகின்றது எனத் தோன்றும் அத்துணை உயிருள்ள சிற்பம். வென்றவர்க்கு அது வெற்றிச் சின்னம். தோற்றவர்க்கோ ஆறாத புண். அவ்வளைவின் அடியிற் புகுந்து செல்ல யூதர் நெடுங்காலம் மறுத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. ஒரு கல்லையே இருவர் இருவேறு கண்ணால் நோக்குதல் உண்டு என்பதை அங்கே மாணவர்க்கு எடுத்துரைத்தேன்.

வளைவைக் கடந்தால் போரம் என்னும் பழைய நகர்மன்று. குன்றுகளுக்கு இடையே சதுப்பாய்க் கிடந்த பள்ளத்தை வடிகால் வெட்டி உலர்த்தி அதனை அமைத்தனர். அரசியல் சொற்போரும், வழக்காராய்ச்சியும், வாணிகமும், வழிபாடும் ஒருங்கே நிகழ்ந்த இடம் அது. ஜூலியஸ் சீசரின் உடலுக்கு எரியூட்டிய இடத்தில் எழுந்த கோயிலின் எச்சம் அங்குள்ளது. அவன் கொலையுண்டது கி.மு. 44-இல். இருபது நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், யாரோ வைத்த மலர்கள் அங்கே வாடிக் கிடந்தன.

அம்மன்றின் ஓரத்தில், மூன்று மாபெரும் வளைவுகளோடு இடிந்து நிற்கின்றது மாக்சென்டியஸ் மன்றம். அதன் அடியில் புதைந்துள்ள கட்டடம் யாது என அறிந்தபோது, எங்கள் களைப்பெல்லாம் பறந்தோடியது. டொமிஷியன் என்னும் மன்னன் கட்டிய மிளகுப் பண்டகசாலை அது! உரோமாபுரியின் நடுநாயகமான இடத்தில் மிளகுக்கென ஒரு மனை எழுந்தது எனின், அதன் மதிப்பு எத்தகையது என எண்ணிப் பாருங்கள். அம்மிளகு விளைந்தது சேர நாட்டு மலைச்சாரலில்; கப்பலேறியது முசிறி முதலிய துறைகளில். பொன்னோடு வந்த யவனர் கலங்கள் மிளகோடு மீண்ட செய்தியை அகநானூறு கூறுகின்றது. முசிறி வாணிகத்துக்காக எழுதப்பெற்ற கடன் உடன்படிக்கை ஒன்று, பழந்தாளில் கிரேக்க மொழியில் எழுதியவாறே, இன்று வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகின்றது.

மிளகின்மீது உரோமர் கொண்ட வேட்கையை அவர்கள் நாட்டு அறிஞராகிய பிளினியே கடிந்துரைத்தார். காரம் ஒன்றைத் தவிர வேறு சுவையில்லாத ஒரு பொருளைப் பொன்போலவும் வெள்ளிபோலவும் நிறுத்து வாங்குகின்றார்களே என்பது அவர் முறையீடு. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை இந்தியா ஈர்த்துக்கொள்கின்றது என அவர் கணக்கிட்டார். அவ்வாறு வந்த உரோம நாணயங்கள் கோயம்புத்தூர்ப் பகுதியில் புதையல்களாகக் கிடைத்துள்ளன. பிற்காலத்தில், கி.பி. 408-இல், கோத்தியர் தலைவன் அலாரிக் உரோமாபுரியை முற்றுகையிட்டபோது, நகரை விடுவிக்க 5,000 இறாத்தல் பொன்னும் 30,000 இறாத்தல் வெள்ளியும் கேட்டான். அவற்றோடு 3,000 இறாத்தல் மிளகும் கேட்டான்! பேரரசு ஒன்றின் உயிருக்கு ஈடாக வைத்த பொருள்களுள் நம் அடுக்களை மிளகும் ஒன்றாயிருந்தது. இதனைக் கேட்ட மாணவர் முகத்தில் ஒரு புதிய ஒளி தோன்றியது. அதுகாறும் அயலாருடைய கற்குவியலாய்க் கிடந்த இடம், அந்நொடி முதல் நமக்கும் உறவுடைய இடம் ஆயிற்று.

வெயில் உச்சிக்கு ஏறியது. காப்பிடோல் குன்றினை விரைந்து கண்டோம். தெருவோரக் கடையில் சதுரமாக வெட்டி விற்ற அடையைப் பகலுணவாக உண்டோம். உரோமாபுரித் தெருக்களில் இடையறாது நீர் ஒழுகும் சிறு இரும்புக் குழாய்த் தூண்கள் பல உள்ளன. குழாயின் வளைவு மூக்குப்போல் இருத்தலால், "பெருமூக்கு" என்னும் பொருளில் அவற்றை அந்நாட்டார் அழைக்கின்றனர். வழிப்போக்கர் எவரும் விலையின்றி அக்குளிர்நீரைப் பருகலாம். தண்ணீர்ப் பந்தலின் அருமை அறிந்த நமக்கு அவ்வறம் மிக இனித்தது.

பின்னர்ப் பாந்தியன் என்னும் பழங்கோயிலை அடைந்தோம். அகஸ்டஸ் மன்னன் காலத்தில் அக்ரிப்பா என்பவர் கட்டிய முதற்கோயில் தீக்கிரையாக, ஏறத்தாழ கி.பி. 126-இல் ஹேட்ரியன் மன்னன் அதனைப் புதிதாக எடுப்பித்தான். ஆயினும் வாயில் நெற்றியில் தன் பெயரைப் பொறிக்காமல், அக்ரிப்பாவின் பெயரையே பொறித்து வைத்தான். முன்னோன் புகழை மறையாமல் காத்த இப்பண்பு, அக்கட்டடத்தினும் பெரிது என்று எனக்குத் தோன்றியது. அதன் குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிவரை உயரமும் அதுவே. முழுப் பந்து ஒன்று உள்ளே பொருந்தி அமரும் என்பர். இரும்புக் கம்பி ஊடாது, சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கல்லும் கலந்த காரையாலேயே ஆகிய குவிமாடங்களுள் உலகில் இன்றளவும் இதுவே பெரிது.

அங்கே அரைமணி கழிந்தது. பட்டியலின்படி புறப்பட்டோம். அடுத்த தெருவின் முனையில் ஆசிரியர் தலைகளை எண்ணினார். இருபத்து மூன்றே இருந்தன! மாணவி ஒருத்தியைக் காணவில்லை. கைப்பேசியில் அழைத்தார், விடையில்லை. ஆசிரியர் முகம் வெளிறியது. அயல்நாட்டுப் பெருநகரம், ஆயிரக்கணக்கான மக்கள் மொய்க்கும் தெருக்கள், பெற்றோர் நம்பி அனுப்பிய பெண். மாணவரை ஓரிடத்தில் நிறுத்திக் காவலாக என்னை வைத்துவிட்டு அவர் நாற்புறமும் ஓடினார். அரைமணி நேரம் எங்களுள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவர் அவளை அழைத்துக்கொண்டு வந்தார். அவள் வேறெங்கும் போகவில்லை. பாந்தியன் உள்ளேயே இருக்கையில் அமர்ந்து அண்ணாந்து நோக்கிக்கொண்டிருந்தாள். அமைதி காக்க வேண்டிய இடமாதலால் கைப்பேசியின் ஒலியை அடக்கி வைத்திருந்தாள்.

ஆசிரியர் கடிந்துகொண்டார். "அம்மா, உனக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் உன் தாய்க்கு நான் என்ன விடை கூறுவேன்?" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. அவள் தலை குனிந்து, "பிழை என்னுடையது ஐயா, சொல்லிவிட்டு இருந்திருக்க வேண்டும்" என்றாள். கண்களில் நீர் நிறைந்தது. கூட்டமாகச் செல்லுங்கால் கூட்டத்தின் ஒழுங்கைப் பேணுதல் கடமை, அதில் ஐயமில்லை. காலம் கடந்துவிட்டமையால், பட்டியலில் இருந்த எஸ்பானியப் படிக்கட்டைக் கைவிட நேர்ந்தது. கட்டத்துள் குறி இடும் மாணவன் சினத்தோடு அவளை நோக்கினான். அவன் கையேட்டில் ஒரு கட்டம் வெறுமையாய் நின்றுவிட்டதன்றோ!

திரெவி நீரூற்றுக்குச் சென்றோம். ஓர் அரண்மனைச் சுவரையே பின்புலமாகக் கொண்டு, கடல் தெய்வமும் குதிரைகளும் பாறைகளுமாக எழுந்த அவ்வழகிய நீரூற்று 1762-இல் நிறைவுற்றது. அதனை வகுத்த சிற்பி நிக்கோலா சால்வி, முடிவைக் காணாமலே 1751-இல் மறைந்தார். கூட்டத்தார் வீசும் நாணயங்கள் திரட்டப்பெற்று ஏழையர்க்கு உதவும் அறப்பணிகளுக்குச் செல்கின்றன. அங்கிருந்து பேருந்தேறி, டைபர் ஆற்றங்கரையில் ஹேட்ரியனின் வட்டக் கல்லறையைப் புறத்தே கண்டு, பேதுரு பேராலயத்தின் முற்றத்தை மாலையில் அடைந்தோம்.

அம்முற்றம் வத்திக்கான் என்னும் தனிநாட்டைச் சேர்ந்தது. 1929-இல் தனியாட்சி பெற்ற அந்நாட்டின் பரப்பு அரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. கோடு ஒன்றைத் தாண்டி வேறொரு நாட்டுக்குள் நடந்தோம்! பேராலயப் பணி 1506-இல் தொடங்கியது. 1626-இல்தான் கோயில் திருநிலைப்படுத்தப் பெற்றது. எழுபதாண்டு கடந்த முதுமையில் அப்பணியை ஏற்ற மைக்கேல் ஆஞ்சலோ 1564-இல் மறையும்வரை அதற்கு உழைத்தார். அவர் திட்டமிட்ட குவிமாடம் எழுந்து முடிந்தது அவர் மறைந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தே. தாம் காணமாட்டோம் எனத் தெரிந்தும் பின்வருவோர்க்காகக் கல் எடுத்து வைத்த பெருந்தகையோர் அவர்கள்.

முற்றத்தின் இருமருங்கும் பெர்னினி அமைத்த 284 தூண்கள் நான்கு நான்கு வரிசையாக வளைந்து நிற்கின்றன. தரையில் பதித்த வட்டக் கல் ஒன்றன்மேல் நின்று நோக்கினால், நான்கு வரிசையும் ஒரே வரிசையாகத் தோன்றும். ஓர் அடி விலகினாலோ தூண்கள் காடுபோல் குழம்பும். மாணவர் ஒவ்வொருவராக அக்கல்லின்மேல் ஏறி நின்று மகிழ்ந்தனர்.

அங்கேயே ஓரமாய் அமர்ந்தோம். ஆசிரியர், "இன்று கண்டவற்றுள் ஒன்றைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்லுங்கள்" என்றார். குறி இட்ட மாணவன் முதலில் எழுந்தான். தான் எடுத்த நானூறு ஒளிப்படங்களைப் புரட்டினான். இரண்டு வளைவுகளின் படங்களுள் டைட்டஸின் வளைவு எது என அவனுக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு அமர்ந்தான்.

பிறகு அம்மாணவி எழுந்தாள். "ஐயா, குவிமாடத்தின் உச்சியில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அகலத்தில் ஒரு திறப்பு உள்ளது. கதவில்லை, கண்ணாடியில்லை. உள்ளே ஒளி வருவது பெரிதும் அதன் வழியேதான். அதன் வழியே விழுந்த வெயில் வட்டம் மெல்ல மெல்ல நகர்ந்தது. அது எதுவரை செல்லும் எனக் காண அமர்ந்தேன். நேரம் போனது தெரியவில்லை. மழை பெய்தால் என்ன ஆகும் என்று தரையைப் பார்த்தேன். தரை நடுவில் சற்றே உயர்ந்து, சிறு துளைகளோடு இருந்தது. நீர் அவற்றின் வழியே வடிந்துவிடுமாம். இவ்வளவு பெரிய கூரை ஏன் விழவில்லை என்று அங்கிருந்த விளக்கத்தைப் படித்தேன். அடியில் கனத்த கல்லும், மேலே செல்லச் செல்ல இலேசான கல்லும், உச்சியருகே நீரில் மிதக்கும் நுரைக்கல்லும் சேர்த்துக் காரை குழைத்திருக்கின்றார்கள். சுவர் அடியில் ஆறு மீட்டர் தடிப்பு. உச்சியில் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுதி. இன்னும் ஒன்று, ஐயா. அக்கோயிலின் முகப்பில் பெயர் உள்ள அக்ரிப்பாவே, கி.மு. 19-இல் ஒரு நீர்க்கால்வாயையும் வெட்டுவித்தவர். பின்னர் நாம் கண்ட திரெவி ஊற்றுக்கு நீர் தருவது அந்தக் கால்வாய்தான்" என்றாள்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. நாங்கள் தனித்தனியே கண்ட இரண்டு இடங்களை அவள் ஒரு நீரிழையால் இணைத்துக் காட்டிவிட்டாள். ஆசிரியர் மெல்ல எழுந்து, தம் சட்டைப்பையிலிருந்த மறுநாட் பட்டியலை எடுத்தார். அதில் புளோரன்ஸ் நகரில் காணவேண்டிய இடங்கள் எட்டு இருந்தன. நான்கினை அடித்துவிட்டு, "நாளை நான்கே போதும், ஆனால் எவரும் சொல்லாமல் பின்தங்கக் கூடாது" என்றார். அவளும் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம்.

திரும்பும் வழியில் குறி இட்ட மாணவன் என் அருகே நடந்து வந்தான். "ஐயா, அரங்கின் அடியில் உருளையைச் சுற்றிய அடிமைகளுக்குப் பெயர் இல்லையா?" என்று கேட்டான். அவனும் காணத் தொடங்கிவிட்டான் என அறிந்து உவந்தேன். "பெயர் இருந்தது தம்பி, கல்லில் பொறிப்பாரில்லை. அதனால்தான் நாம் நினைக்கின்றோம்" என்றேன். பின்னர் ஒரு செய்தியையும் அவனுக்குக் கூறினேன். 1999-ஆம் ஆண்டிலிருந்து கொலோசியத்துக்கு ஒரு புது வழக்கம் ஏற்பட்டுள்ளது. உலகில் ஒரு நாடு மரண தண்டனையை ஒழித்தாலும், கொலைத் தண்டம் பெற்ற ஒருவர் உயிர் பிழைத்தாலும், அவ்வரங்கின் இரவு விளக்குகள் பொன்னிறமாக மாற்றப்படும். உயிர் மாய்வதைக் கண்டு களித்த அரங்கம், இன்று உயிர் காக்கப்பட்டதற்காக ஒளிர்கின்றது. கல் மாறவில்லை, காணும் மனிதர் மனம் மாறியது.

மாணவர்களே! நீங்களும் நாளை பல ஊர்களுக்குச் செல்வீர்கள். கடல் கடந்த ஊராயினும் ஆகுக. அடுத்த ஊர்க் கோயிலாயினும் ஆகுக. எத்தனை இடங்களைப் பார்த்தோம் என எண்ணுவதை விடுத்து, ஓரிடத்தின் முன்னேனும் நின்று, இதனைக் கட்டியோர் யார், சுமந்தோர் யார், துன்புற்றோர் யார், நமக்கும் இதற்கும் உறவு யாது என வினவுங்கள். உரிய இடத்தில் நின்று நோக்கினால், காடுபோல் குழம்பிய தூண்களும் ஒரு நேர்வரிசையாய் விளங்கும்.